ரிப்பன் பூவும் ஊசித்துளைத் தாளும்

பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோர்கள் கைவேலைக் கண்காட்சி மேசையில் நம் மாணவிகள் தைத்த ரிப்பன் பூக்களைப் பார்ப்பீர்கள். "பூவைத் துணியில வரைஞ்சு கொடுத்தது யாரு, டீச்சரா?" என்று போன ஆண்டு ஒரு தாயார் கேட்டார். டீச்சர் வரையவில்லை. பிள்ளைகளே தாளில் ஊசியால் குத்தி அச்சு செய்துகொண்டார்கள். அந்தத் தாளுக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆகவேதான் இக்கட்டுரை.

சீன நாட்டின் வடமேற்கில் துன்ஹுவாங் என்னும் ஊரில் புத்த குகைக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், பல நூற்றாண்டுகள் சுவர் வைத்து அடைபட்டுக் கிடந்த ஓர் அறை 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1907-இல் ஆரல் ஸ்டைன் என்பவர் அங்கிருந்து கொண்டுபோன ஏடுகளோடு ஊசியால் குத்திய தாள்களும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சென்றன. கோயிலில் ஒரே மாதிரிப் புத்தர் உருவங்களைப் பலமுறை வரைய அவை உதவின. ஒரு தாளில் பாதி உருவம் மட்டும் மையால் வரையப்பட்டிருக்கிறது. மறுபாதியில் வெறும் துளைகள். நடுவில் மடித்து ஒரே குத்தாகக் குத்தியிருக்கிறார்கள்! நம்ம பிள்ளைங்க பூவை மடிச்சுக் குத்துறதும் இதே மாதிரிதான்.

ஐரோப்பாவில், 1400-ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதிய கைநூலிலும் இம்முறை இருக்கிறது. 1530-களில் பாகனினோ என்பவர் அச்சிட்ட பூத்தையல் புத்தகத்தில், பெண்கள் மாதிரியைத் துணிக்கு மாற்றும் படமே உண்டு. ஒருத்தி சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வரைகிறாள். இன்னொருத்தி துளைத்தாளில் பொடி தட்டுகிறாள். அந்தக் காலத்து மாதிரிப் புத்தகங்களில் நம் கைக்கு வந்தவை கொஞ்சமே. பக்கத்தின் மேலேயே ஊசி குத்திக் குத்திக் கிழித்துவிட்டார்கள். நல்ல மாதிரிதான் முதலில் கிழிந்திருக்கும்!

ரிப்பன் பூத்தையல் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அரசவைச் சீமாட்டிகளின் உடைகளில் சிறப்புப் பெற்றது. 1870-களில் மான்செஸ்டர் நகரத்துப் பிரிக்ஸ் கம்பெனி இஸ்திரி போட்டுப் பதிக்கும் அச்சுத்தாளை விற்கத் தொடங்கிய பிறகு, வீட்டில் குத்தும் வேலை பல நாடுகளில் குறைந்தது. நம் தமிழ்நாட்டு ஆரி வேலைக்காரர்கள் மட்டும் விடவில்லை. துளைத்தாளின் மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் துணியால் தேய்த்துப் பதிக்கிறார்கள்.

நாம் மண்ணெண்ணெய் தொடுவதில்லை. டிரேசிங் தாளை மடித்த துண்டின்மேல் வைத்து, கோட்டின்மேல் நெருக்கமாகக் குத்த வேண்டும். ஊசியின் காதுப்பக்கத்தை அழிரப்பரில் செருகிக்கொண்டால் விரல் நோகாது. பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும். அதை உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்காவிட்டால் துளை அடைத்துக்கொண்டு பொடி இறங்காது. கருந்துணிக்குச் சுண்ணக்கட்டிப் பொடி, வெள்ளைத் துணிக்கு அடுப்புக்கரிப் பொடி. துணியின் நிறத்துக்கு ஏற்பப் பொடியை மாற்றுவதைச் சென்னினியும் எழுதித்தான் வைத்திருக்கிறார். பொடியை மெல்லிய துணியில் முடிந்து தட்ட வேண்டும். புள்ளி விழுந்ததும் ஊதக்கூடாது, பறந்துபோகும்; உடனே பென்சிலால் தொட்டுவிட வேண்டும்.

ரிப்பன் அகலமானது, அதுவே இதழாகிவிடும். ஆதலால் பூவின் நடுவும் இதழின் நுனியும் தெரிந்தால் போதும். ரோசாப்பூவுக்கு நடுவிலிருந்து ஐந்து கோடுகள். அவற்றில் நூலைக் கட்டி, ரிப்பனை மேலும் கீழுமாகச் சுற்ற வேண்டும். நான்கு கோடு போட்டால் ஒவ்வொரு சுற்றும் ஒரே நூலின் மேலேயே ஏறிப் பூ அமையாது. இதை நாங்கள் பிரித்துப் பிரித்துத் தைத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

இவ்வாண்டு ஒரே தாளை வைத்துப் பதினான்கு மாணவிகள் பதித்தார்கள். கடைசிப் பெண் தட்டும்போது அது நடுவில் கிழிந்துவிட்டது. குத்திய மாணவியின் பெயரை எழுதி, பசைநாடா ஒட்டி, மேசையின் ஓரத்தில் வைத்திருக்கிறோம். பூக்களைப் பார்த்துவிட்டு அதையும் பாருங்கள்.