செத்துப்போன மைக்கும் நாலு கழுத்து ஸ்வெட்டரும்

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். என் மேசை மேல ஒரு மைக் செத்துக் கிடக்கு. என்னுதுகூட இல்ல. சின்னதா ஸ்டுடியோ வெச்சிருக்கிற ஒரு அண்ணன், எங்க பேண்டுக்கு ட்ரம்ஸ் ரெக்கார்ட் பண்றதுக்காக இரவல் கொடுத்தது. ரிப்பன் மைக். "தம்பி, ட்ரம்ஸ்ல இருந்து தள்ளியே வை"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் கிக் ட்ரம்மோட ஓட்டைக்கு நேரா, ஒரு சாண் தூரத்துல வெச்சேன். ரெண்டாவது டேக் முடியுறதுக்குள்ள மைக் ஊமையாயிடுச்சு.

ரிப்பன் மைக்குக்குள்ள என்ன இருக்குன்னா, ரெண்டு காந்த முனைகளுக்கு நடுவுல தொங்குற ஒரு அலுமினிய நாடா. சாக்லேட் சுத்தி வர்ற ஃபாயிலைவிட மெல்லிசு, சில மைக்ரான்தான். கிக் ட்ரம் ஓட்டையில இருந்து வர்றது வெறும் சத்தம் இல்ல, காத்தும்தான். கையை வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ஊது வரும். அந்த ஊதுல நாடா கிழிஞ்சிடுச்சு.

அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். ட்ரம்ஸுக்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க? படிக்கப் படிக்க, பழைய ரெக்கார்டுகளை நான் கேட்கிற விதமே மாறிப்போச்சு. ஒரு ட்ரம்மர் எப்படி வாசிச்சார்னுதான் அதுல கேட்கிறோம்னு நினைச்சிருந்தேன். உண்மையில அவரை எவ்வளவு கிட்ட விட்டாங்கங்கிறதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

1923 ஏப்ரல். அமெரிக்காவுல இண்டியானா மாநிலம், ரிச்மண்ட் ஊர், ஜென்னட் கம்பெனி ஸ்டுடியோ. கிங் ஆலிவரோட கிரியோல் ஜாஸ் பேண்ட் வந்திருக்கு. கார்னெட் வாசிக்கிறவர்ல ஒருத்தர் 21 வயசு லூயி ஆம்ஸ்ட்ராங். ட்ரம்ஸ், நியூ ஆர்லியன்ஸ்காரரான வாரன் டாட்ஸ். 'பேபி' டாட்ஸ்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க.

அந்த ஸ்டுடியோவுல மைக்கே கிடையாது. ஒரு பெரிய புனல், அதோட கடைசியில ஒரு சவ்வு, சவ்வோட சேர்ந்த ஒரு ஊசி, அது கீறுற மெழுகுத் தட்டு. அவ்வளவுதான். மின்சாரம் இல்ல, வால்யூம் குமிழ் இல்ல. சத்தத்தைக் கூட்டணுமா, முன்னாடி வா; குறைக்கணுமா, பின்னாடி போ. ஆம்ஸ்ட்ராங் வாசிப்பு ஆலிவரை மூழ்கடிச்சதால அவரைத் தள்ளி நிக்க வெச்சாங்கன்னு, அந்த பேண்டுல பியானோ வாசிச்ச லில் ஹார்டின் பிற்காலத்துல சொல்லியிருக்காங்க.

டாட்ஸுக்குத் தள்ளி நின்னாலும் போதாது. பேஸ் ட்ரம்மை ஓங்கி மிதிச்சா ஊசி துள்ளிடும், தட்டு வீண். அதனால அவர் தன்னோட வித்தையில பெரும்பகுதியை மூட்டை கட்டி வெச்சுட்டு வுட்பிளாக், அதாவது குடைஞ்ச மரக்கட்டையைத் தட்டினார். டக் டக் டக்னு. இன்னைக்கு அந்த ரெக்கார்டுகளைக் கேட்டா குதிரை நடந்து போற மாதிரி இருக்கும்.

எனக்கு வலிச்ச இடம் இதுதான். சிகாகோவுல லிங்கன் கார்டன்ஸ் நடனக்கூடத்துல அந்த பேண்டுக்கு ஆடினவங்க டாட்ஸை முழுசா கேட்டாங்க. தட்டு வாங்கிக் கேட்ட மத்தவங்களுக்குக் கிடைச்சது மரக்கட்டை. தட்டை மட்டுமே வெச்சு ட்ரம்ஸ் கத்துக்கிட்ட ஒருத்தர், ஜாஸ் ட்ரம்மர்னா கட்டை தட்டுறவர்னு நினைச்சா அவரைத் தப்பு சொல்ல முடியுமா?

23 வருஷம் கழிச்சு, 1946ல், ரூடி பிளெஷ்ங்கிற எழுத்தாளர் தன்னோட சர்க்கிள் லேபிளுக்காக டாட்ஸைத் தனியா உட்கார வெச்சு ட்ரம்ஸை மட்டும் பதிவு பண்ணார். 1923 தட்டைக் கேட்ட கையோட இதைக் கேளுங்க. ஒரே மனுஷன்னு நம்புறது கஷ்டம்.

நடுவுல என்ன ஆச்சுன்னா, 1925ல மின்சார ரெக்கார்டிங் வந்துச்சு. 30கள்ல ஆர்.சி.ஏ.வோட ரிப்பன் மைக்குகள் ஸ்டுடியோக்களைப் பிடிச்சுக்கிச்சு. புனல் போயிடுச்சு, ஆனா பயம் போகல. நான் கொன்ன அதே நாடாதானே உள்ள இருக்கு! பேண்டுக்கு மொத்தமா ஒண்ணு ரெண்டு மைக், ட்ரம்மர் கடைசி வரிசை. பழைய ஸ்விங் ரெக்கார்டுகள்ல ட்ரம்ஸ் பக்கத்து ரூம்ல இருந்து வர்ற மாதிரி இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப 1966 ஏப்ரல், லண்டன், இ.எம்.ஐ ஸ்டுடியோ. பேஸ் ட்ரம்முக்கு ரெண்டு அடிக்குள்ள மைக் வரக்கூடாதுங்கிறது அங்க விதி. காத்து அடிச்சு மைக் கெட்டுடும்னு. ஜெஃப் எமெரிக்குக்கு வயசு 20, பீட்டில்ஸுக்கு இன்ஜினியரா அப்பத்தான் பொறுப்பேத்திருக்கார். 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவு. ரிங்கோவோட கிக் ட்ரம் இன்னும் கனமா வேணும். எமெரிக் ஏ.கே.ஜி டி20 மைக்கைச் சில அங்குல தூரத்துக்கு நகர்த்தினார். அது டைனமிக் மைக். நாடாவுக்குப் பதிலா சவ்வோட ஒட்டின கம்பிச்சுருள், அடி தாங்கும். ட்ரம் ரொம்ப முழங்காம இருக்க உள்ள ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணிச்சார். சாதாரண ஸ்வெட்டர் இல்ல, நாலு பேர் சேர்ந்து போடுற மாதிரி நாலு கழுத்து வெச்சது!

மேலிடத்துல இருந்து கேள்வி வந்துச்சு. கடைசியில, பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் அப்படி வெச்சுக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்கன்னு எமெரிக் சொல்லியிருக்கார். எனக்கு ஸ்வெட்டரைவிட இந்த அனுமதிதான் பிடிச்சிருக்கு. பக்கத்து ஸ்டுடியோவுல வாசிக்கிற இன்னொரு ட்ரம்மருக்கு அதே ரெண்டு அடி விதிதான்.

மேடைக்கு வந்தா கணக்கு வேற. தள்ளி வெச்சா மைக் ட்ரம்ஸை மட்டுமா கேட்கும்? ஸ்பீக்கரையும் கேட்கும், அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போய் 'கீஈஈ'ன்னு கத்தும். அதனால மேடையில மைக்கை ஒட்டித்தான் வெச்சாகணும், டைனமிக்கா இருக்கணும், முதுகுப் பக்கம் வர்ற சத்தத்தைக் கண்டுக்காத கார்டியாய்டா இருக்கணும். 1965ல வந்த ஷூர் எஸ்.எம்.57 இன்னைக்கும் உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஸ்நேர் விளிம்புக்கு மேல எட்டிப் பார்க்கிறதுக்கு அதுதான் காரணம். அதோட முதுகு ஹை-ஹாட் பக்கம் இருக்கான்னு அடுத்த தடவை பாருங்க. இருந்தா சவுண்ட் இன்ஜினியர் விஷயம் தெரிஞ்சவர்.

அப்ப கிட்ட வெச்சாதான் நல்ல சத்தமா? நானும் அப்படித்தான் நம்பினேன். லெட் ஸெப்பெலினோட 'வென் த லெவி பிரேக்ஸ்' அந்த நம்பிக்கையை உடைச்சுடுச்சு. 1971ல வெளியானது. இங்கிலாந்துல ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய வீடு. ஒரு காலத்துல ஏழைகளுக்கான விடுதியா இருந்தது. இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் ஜான் பான்ஹமோட ட்ரம்ஸைக் கீழ்க்கூடத்துல வெச்சுட்டு, மாடிப்படி மேல இருந்து ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டார். கிக்குக்குத் தனி மைக் இல்ல. அந்த ரெண்டும் பேயர் எம்160. ஆமா, ரிப்பன் மைக். ராக் இசையிலேயே பெரிய ட்ரம் சத்தங்கள்ல ஒண்ணு, அந்தப் பயந்தாங்கொள்ளி நாடாவுல, மாடி தூரத்துல இருந்து பிடிச்சது. வீடு மொத்தமும் ட்ரம்மா மாறியிருக்கும்.

நம்ம ஊர்லயும் இந்தத் தூரச் சண்டை நடந்திருக்கு. பாலக்காடு மணி ஐயர் கச்சேரியில மைக்கே வேண்டாம்னு நின்னவர். மிருதங்க நாதத்தை மைக் கெடுக்குதுங்கிறது அவர் கட்சி. எமெரிக் கிட்ட போனார், மணி ஐயர் மைக்கையே தள்ளி வெச்சார். ரெண்டு பேர் குறையும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது: தோல் என்ன சொல்லுதோ அது முழுசா கேட்கணும். ஆனா கடைசி வரிசை ரசிகருக்கு மைக் இல்லாம என்ன கேட்டிருக்கும்னு நினைச்சா, இந்த ஒரு விஷயத்துல நான் மணி ஐயர் பக்கம் முழுசா சாய மாட்டேன்.

அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "புது ரிப்பன் போட்டுக்கலாம், செலவு உன்னுது"ன்னார். மைக் சரியாகி வந்ததும் வர்ற மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படியில ட்ரம்ஸ் வெக்கிறோம், மைக் ரெண்டாவது மாடியில. கீழ் வீட்டு அங்கிள் காலையில பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அனுமதி கொடுத்திருக்கார். எங்களுக்கு மட்டும்தானாம், இந்த ஒரு தடவைதானாம்.