பபூனின் பங்கு

இளவரசன் ஹாம்லெட்டின் துன்பக்கதையை, அதில் ஓரமாய் வந்து மடியும் இரு நண்பர்களின் கண்வழி நகைச்சுவையாகக் காட்டியவர் டாம் ஸ்டாப்பர்ட். 1966இல் மேடையேறிய அந்நாடகத்தை அவரே 1990இல் திரைப்படமாக்கினார். அது வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். அங்கும் கதை இளவரசனுடையதே.

அவ்வாறெனில் தமிழ் மேடை சிறு மாந்தரை மறந்ததா? இல்லை. ஏலமலைச் சரிவின் அடியிலுள்ள போடிநாயக்கனூர் உள்ளிட்ட மதுரை வட்டாரத்தில், சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுவது. முருகனும் வள்ளியும் தோன்றுமுன் மேடையேறுபவர் பபூன். தினைப்புனக் காதலை ஊர்ப்பேச்சில் இறக்கி, உயர்ந்தோரையும் கேலி செய்யும் உரிமை அவருக்கே உண்டு. அவர் வாயிலாகவே புராணம் மலையடி உழைப்பாளரின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது.

எனினும் ஒரு வேற்றுமை. ஸ்டாப்பர்டின் சிறு மாந்தர் அச்சில் நிலைபெற்றனர். பபூனின் சொற்களோ மேடையிலேயே பிறப்பவை. சுவாமிகளின் பாடல்கள் அச்சேறிய அளவுக்கு அவை அச்சேறவில்லை. எழுதப்பட்ட பிரதியை மட்டுமே சான்றாகக் கொள்ளும் நாடக வரலாறு, மக்களை விடியும்வரை விழித்திருக்கச் செய்தவரை விட்டுவிடுகிறது. முதிய கலைஞர்கள் உள்ளபோதே அவர்தம் உரையாடல்களைப் பதிவு செய்தல் ஆய்வாளர் கடமையாகும்.