சத்தம் எங்கிருந்து வருகிறது? யாழ்ப்பாணத் தியேட்டர்களும் நாங்கள் தவறவிட்ட ஆண்டுகளும்

 

கொழும்புக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்த மாணவன் ஒருவன் வகுப்பில் சொன்னான்: "சேர், ஹெலி எங்கட தலைக்கு மேலால போன மாதிரியே இருந்தது. நான் அண்ணாந்து பார்த்திட்டன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சிரிப்பு சட்டென்று வரவில்லை. நாங்கள் ஹெலிச் சத்தம் கேட்டு ஓடி ஒளிந்த பிள்ளைகள்.

அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பதிவு நீண்டுவிட்டது. சினிமா பார்ப்பது பற்றி நம் சமூகத்தில் வெவ்வேறு கருத்துகள் உண்டு. பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. இது நம் ஊரின் வரலாறு, கொஞ்சம் விஞ்ஞானமும் சேர்ந்தது.

முதலில் விஞ்ஞானம். ஒரு சத்தம் வலப்பக்கம் இருந்து வந்தால் வலது காதுக்கு முதலில் வந்து சேரும். இடது காதுக்கு வருவதற்கிடையில் ஆயிரத்தில் ஒரு செக்கன் கூடச் செல்லாது. அந்தச் சின்ன வித்தியாசமும் மூளை திசையைக் கண்டுபிடிக்க உதவுகிறது. தியேட்டரில் நம்மைச் சூழ்ந்து வரும் ஒலியும் காதின் இந்தத் திறனை நம்பியே நிற்கிறது.

இனி வரலாறு. 1950களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்து தியேட்டர்கள் காலியாகத் தொடங்கின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் சனம் வரும் என்ற நிலை. 1953இல் 'த ரோப்' என்ற படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி கிரெத்தியான் உருவாக்கிய லென்ஸ்தான் அதற்கு அடிப்படை. அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கி 35 மில்லிமீற்றர் பிலிமில் பதிப்பார்கள். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். ஒலிக்கு நான்கு காந்தத் தடங்கள்: மூன்று திரைக்குப் பின்னால், நான்காவது பார்வையாளர் இருக்கும் மண்டபத்துக்குள். 1955இல் 'ஒக்லஹோமா' படத்தோடு டொட்-ஏஓ என்ற 70 மில்லிமீற்றர் முறை ஆறு ஒலித்தடங்களுடன் வந்தது. 1970இல் ஜப்பானின் ஒசாகா கண்காட்சியில் ஐமெக்ஸ் முதன்முதலாகக் காட்டப்பட்டது.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. முதல் 70 மில்லிமீற்றர் படம் 1986இல் வந்த 'மாவீரன்'.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். ரீகல், வெலிங்டன், வின்சர், ராணி, ராஜா, லிடோ, மனோகரா, சிறிதர் என்று ஒரு சிறிய நகரத்துக்குள் எத்தனை தியேட்டர்கள்! 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபின் இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அப்படியிருந்தும் கலரிக்கு அடிபாடு குறையவில்லை. கலரியில் சோனகத் தெருப் பிள்ளையும் கொட்டடிப் பிள்ளையும் ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருந்தார்கள். ஐங்காலத் தொழுகை தவறாத எங்கள் வாப்பாமாரில் சிலருக்கும் எந்தத் தியேட்டரில் சத்தம் 'கிளியர்' என்று தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்டதில்லை.

பிறகு 1990. கோட்டையைச் சுற்றி நடந்த சண்டை. மின்சாரம் நின்றது. அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து ஓலைக் குடிசைகளில் நாங்கள் புது வாழ்க்கை தொடங்கினோம்.

ஊரில் இருந்த தமிழ் உறவுகளுக்கு மிஞ்சியது ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரும் வாடகை டெக்கும் கிடைத்த இரவில், ஒழுங்கையே ஒரு சின்ன ரீவிப் பெட்டியின் முன் கூடியது. அகன்ற திரைக்கு எடுத்த படம், இரு பக்கமும் வெட்டுப்பட்டு அந்தப் பெட்டிக்குள் ஓடியது. ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு மேலால் வசனம் கேட்க வேண்டும்.

சினிமா ஒலி மிக வேகமாக மாறியது சரியாக இந்த ஆண்டுகளில்தான். 1992இல் 'பட்மன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டொல்பி டிஜிற்றல் வந்தது: முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு, அதிர்வுக்கு ஒன்று என ஒலி பிரிந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டிரிஎஸ் வந்தது. அதில் ஒலி பிலிமில் இல்லை, தனி இறுவட்டில் இருந்தது. பிலிமில் இருந்த நேரக் குறியீடு இரண்டையும் பிசகாமல் சேர்த்து ஓட்டியது. தமிழுக்கும் டொல்பி வந்தது. 1995 தீபாவளிக்கு வந்த கமல்ஹாசனின் 'குருதிப்புனல்' இந்தியாவின் முதல் டொல்பி ஸ்டீரியோ படங்களில் ஒன்று.

அந்தத் தீபாவளி முடிந்து ஒரு கிழமைதான். யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் வெறிச்சோடின. இலட்சக்கணக்கான மக்கள் மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்றைக்குத் திகதி ஒக்டோபர் 30. நாங்கள் வெளியேற்றப்பட்டு, நாளுக்கு நாள் சரியாக ஐந்து ஆண்டுகள்.

இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வந்தது இதுதான். இரண்டு துயரையும் தராசில் வைத்து எடை பார்க்கத் தேவையில்லை. இரண்டும் நடந்தன, இரண்டும் வேறு வேறு. ஆனால் உலகம் புதிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளைப் புத்தளத்துக் கொட்டிலில் இருந்த நாங்களும், யாழ்ப்பாணத்து இருட்டில் இருந்த அவர்களும் சேர்ந்தே தவறவிட்டோம். நாங்கள் தனித்தனியாக நினைவுகூரும் காலம், உண்மையில் இருவருக்கும் பொதுவான ஓர் இடைவெளி.

திரும்பி வந்தபோது ரீகல் இல்லை. கோட்டைப் பக்கத்து அழிவோடு அதுவும் போய்விட்டது. சிறிதர் நீண்டகாலம் ஒரு கட்சியின் அலுவலகமாக இருந்தது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடம் எழுந்து, குளிரூட்டிய பல திரை அரங்கு ஊருக்கு வந்தது. பிலிம் சுருள் போய் டிஜிற்றல் கோப்பு வந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 2012இல், டொல்பி அட்மோஸ் அறிமுகமாகியிருந்தது. முன்பு ஒலியை வலம், இடம் என்று பிரித்தார்கள். அட்மோஸில் ஒவ்வொரு சத்தத்துக்கும் மண்டபத்தில் ஓர் இடம் குறிக்கலாம். கூரையிலும் ஒலிபெருக்கிகள் உண்டு. ஒரே நேரத்தில் 128 ஒலித்தடங்கள் வரை, 64 ஒலிபெருக்கிகள் வரை கையாளும். மாணவன் கேட்ட ஹெலி அப்படித்தான் அவன் தலைக்கு மேலால் போனது.

அவனுக்கு இவ்வளவையும் விளக்கினோம். கடைசியில் அவன் கேட்டான்: "சேர், உங்கட காலத்தில உண்மையான ஹெலி வரும்போது எந்தப் பக்கம் எண்டு எப்படிக் கண்டுபிடிச்சீங்கள்?"

"அதே காதாலதான் மகன்" என்றோம். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அவன் அண்ணாந்து பார்க்கிறான், பயப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நாங்கள் ஏன் சிரிக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். ரீகலிலோ வின்சரிலோ மனோகராவிலோ கடைசியாக என்ன படம் பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார், கலரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். முஸ்லிமோ தமிழரோ, ஊரில் இருப்பவரோ வெளிநாட்டில் இருப்பவரோ, எல்லோரும் எழுதுங்கள். தியேட்டர் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அவற்றை அறிந்தவர்களுக்கும் வயது போகிறது. எழுதி வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் மிஞ்சும்.