சிரிப்பு எங்கே வேலை செய்கிறது? நேர்மறைச் சிந்தனை ஆய்வுகள் குறித்து ஒரு மறுபார்வை

1995 மார்ச் 13ஆம் நாள் காலை, மும்பை அந்தேரியின் லோகண்ட்வாலா பகுதிப் பூங்காவில் ஐந்து பேர் கூடிச் சிரித்தார்கள். கூட்டியவர் மதன் கட்டாரியா என்ற மருத்துவர். வட்டத்தின் நடுவே ஒருவர் வந்து துணுக்குச் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பதே ஏற்பாடு. நாளுக்கு நாள் ஆள் கூடியது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் கையிருப்புத் துணுக்குகள் தீர்ந்துபோய், ஆபாசமும் பிறரைப் புண்படுத்தும் கேலியும் தலைகாட்டின. சிலர் முகம் சுளித்தார்கள். கட்டாரியா துணுக்குகளை அடியோடு நிறுத்திவிட்டுக் காரணமே இல்லாமல் சிரிக்கச் சொன்னார். கைதட்டிக்கொண்டு 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்று கூச்சத்தோடு தொடங்கியவர்கள், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதுவே பின்னர் 'சிரிப்பு யோகா' ஆயிற்று. மே மாத முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு நாளாகக் கொண்டாடப்படுவதும் இந்த இயக்கத்தின் விளைவு.

நகைச்சுவை தீர்ந்த பிறகும் சிரிப்பு தீரவில்லை. ஏன்? இதற்கு இரண்டு விடைகள் சொல்லலாம். சிரிப்பு என்ற உடலசைவே நன்மை தருகிறது, மனம் பின்னாலேயே வந்துவிடும் என்பது ஒன்று. வட்டமாக நின்ற மனிதர்கள்தாம் அந்தச் சிரிப்பை உண்டாக்கினார்கள் என்பது மற்றொன்று. தன்னம்பிக்கை நூல்களும் பயிலரங்குகளும் முதல் விடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. நல்லதையே நினை, சிரித்த முகமாக இரு, நடப்பதும் நல்லதாகவே நடக்கும் என்ற அறிவுரை எப்போதும் தனி ஆளுக்கே சொல்லப்படுகிறது. கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் இரண்டாம் விடையே வலுப்பெறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். சிரிப்பின் பயன் பெரும்பாலும் பகிர்வில் இருக்கிறது. நேர்மறைச் சிந்தனையின் பயனோ, அது இடையூற்றை நேராகப் பார்க்கத் துணிகிறதா என்பதைப் பொறுத்தது.

வட்டத்தில் நிற்பவர்கள்

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் சிரிப்பை ஆய்வுக்கூடத்தில் வரவழைக்க முயன்று சலித்தபின், மாணவர்களோடு கடைவளாகங்களுக்கும் கல்லூரி நடைபாதைகளுக்கும் ஒட்டுக்கேட்கப் போனார். இயல்பான உரையாடலில் எழுந்த 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார். சிரிப்புக்குச் சற்று முன் பேசப்பட்டவற்றில் 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே ஓரளவாவது வேடிக்கையானவை. மற்றவை, 'சரி, அப்புறம் பார்ப்போம்' என்பது போன்ற வெறும் பேச்சு. கேட்டவர்களைவிடப் பேசியவர்களே அதிகம் சிரித்தார்கள். தனிமையில் இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சிரிப்பது சுமார் 30 மடங்கு அதிகம் என்றும் அவர் கண்டார். லோகண்ட்வாலா பூங்காவில் துணுக்கு இல்லாமலே சிரிப்பு ஓடியதில் வியப்பில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

உடலில் என்ன நடக்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழு 2012இல் சோதித்தது. ஒயின் புட்டியைக் குளிர்விக்கும் உறையை நன்றாக உறைய வைத்து, பங்கேற்பவரின் கையில் மாட்டிவிடுவார்கள். சிலருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்குவார்கள். 'இனித் தாங்காது' என்று அவர் சொல்லும் வரை எவ்வளவு நேரம் என்று அளப்பார்கள். பிறகு ஒரு குழுவுக்கு நகைச்சுவைக் காட்சி, மற்றொரு குழுவுக்கு ஆவணப்படம், மறுபடியும் அளவீடு. உடன் இருப்பவர்களோடு வாய்விட்டுச் சிரித்தவர்களின் வலி தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. வெறுமனே மகிழ்ச்சியாக உணர்ந்தது மட்டும் அந்த மாற்றத்தைத் தரவில்லை. 2017இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 12 ஆண்களை நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிக்கவிட்டு, பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிப் பொருள்கள் கூடியிருந்தன. பன்னிரண்டு பேர் சிறிய எண்ணிக்கைதான். எனினும் டன்பாரின் முடிவும் இதுவும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

தனி ஆளின் முகத்தசையை அசைத்தாலே போதும் என்ற முதல் விடைக்கும் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 1988இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக் குழு, பேனாவைப் பல்லால் கடித்தபடி கேலிச்சித்திரங்களைப் பார்க்கச் சொன்னது. அப்படிக் கடிக்கும்போது முகம் தானாகவே புன்னகை வடிவம் கொள்ளும். அவர்களுக்குச் சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தோன்றின என்றது முடிவு. பாடநூல்களில் ஏறிய இந்தச் சோதனையை 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2022இல் 19 நாடுகளைச் சேர்ந்த 3,878 பேரிடம் நடந்த பெரிய சோதனையில், வேறொருவரின் புன்னகையைப் பார்த்து அப்படியே செய்தவர்களிடம் மகிழ்ச்சி சற்றே கூடியது. பேனா வழி அப்போதும் தெளிவான விடை தரவில்லை.

மருந்தாக்கும் ஆசை

வாய்விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப்போகும் என்பது நம்மிடையே பழகிய பேச்சு. மேற்குலகில் இதற்கு மருத்துவ மதிப்புத் தேடித் தந்தவர் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ். 1964இல் சோவியத் நாட்டுப் பயணம் முடிந்து திரும்பியவரை முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கும் கடும் நோய் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையைவிட்டு ஓட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் திரைப்படங்களையும் 'கேண்டிட் கேமரா' தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் ஓடவிட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்.

வலி குறைந்து தூக்கம் வந்தது என்பதை டன்பாரின் சோதனையோடு வைத்துப் பார்த்தால் நம்ப இடமுண்டு. நோயே சிரிப்பால் தீர்ந்தது என்பது வேறு கூற்று. கசின்ஸ் அதே காலத்தில் வைட்டமின் சியை மிகப் பெரிய அளவில் ஏற்றிக்கொண்டார். அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு உடன்பட்ட, நெடுநாள் நண்பரான மருத்துவர் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். ஒரே ஒரு நோயாளியின் கதையில் எது வேலை செய்தது என்று பிரித்தெடுக்க வழியில்லை.

பெரிய கணக்கெடுப்புகள் இன்னும் கறாரானவை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் மனநிலையைப் பதிவுசெய்து ஜேம்ஸ் கோய்ன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், மன நலம் ஆயுளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் வாழ்க்கை முறையையும் கணக்கில் கொண்டபின், மகிழ்ச்சிக்கும் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு மிஞ்சவில்லை. உடல் நலம் கெடுவதால்தான் மகிழ்ச்சி குறைகிறது. பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

மறுபக்கச் சான்றும் உண்டு. 2019இல் அமெரிக்க அறிவியல் கழக இதழில் வந்த ஆய்வில், 69,744 பெண்களும் 1,429 ஆண்களும் அடங்கிய குழுவில் மிகுந்த நன்னம்பிக்கை உடையோரின் ஆயுள் சராசரியாக 11 முதல் 15 விழுக்காடு நீண்டிருந்தது. இவ்வகை ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிரக் காரணத்தை நிறுவாது. எதிர்பார்ப்பு உள்ளவர் மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்வார், நடைப்பயிற்சிக்குப் போவார் என்பதும் ஒரு விளக்கமாகலாம்.

இந்த வேறுபாட்டை மறந்தால் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது. 'தைரியமா இருந்தா எல்லாம் சரியாயிடும்' என்று படுக்கையருகே நின்று சொல்வது ஆறுதலுக்காகத்தான். ஆனால் சரியாகாதபோது, தான் போதிய தைரியத்தோடு இருக்கவில்லை போலும் என்ற குற்றவுணர்வும் நோயோடு சேர்ந்துகொள்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக், 2009இல் ஒரு முழு நூலையே இந்தப் போக்குக்கு எதிராக எழுதினார்.

இருபது முடிச்சுக் கயிறு

பிரான்சின் நான்சி நகரில் மருந்தாளுநர் எமில் கூவே தம்மிடம் வந்தவர்களை ஒரு கயிறு வைத்துக்கொள்ளச் சொல்லுவார். அதில் இருபது முடிச்சு. காலையும் இரவும் படுக்கையில் கிடந்தபடி, ஒவ்வொரு முடிச்சாக விரலால் தள்ளிக்கொண்டு, தான் நாளுக்கு நாள் எல்லா வகையிலும் மேம்பட்டு வருவதாக இருபது முறை முணுமுணுக்க வேண்டும். 1920களில் இந்த முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1952இல் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய நேர்மறைச் சிந்தனை நூல் அதே நம்பிக்கைக்குச் சமய உடுப்பு மாட்டிப் பல லட்சம் படிகள் விற்றது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, கயிற்றுக்குப் பதில் மணியை வைத்தது. நான்கு நிமிடத்துக்குப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை மணி ஒலிக்கும். ஒவ்வொரு முறையும், தான் அன்புக்குரிய ஆள் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்கு அது சற்றே தெம்பு தந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ முன்னிலும் மோசமாக உணர்ந்தார்கள். சொல்லும் வாசகத்துக்கும் உள்ளே இருக்கும் நம்பிக்கைக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு மணியோசையிலும் உறைத்திருக்க வேண்டும். இத்தகைய வாசகங்கள் யாருக்குத் தேவை என்று விற்கப்படுகின்றனவோ, அவர்களையே அவை காயப்படுத்தின.

ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன், உடல் எடை குறைக்கும் ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஆராய்ந்து 1991இல் ஒரு நுட்பமான வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். தம்மால் எடையைக் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாகவே குறைத்தார்கள். ஆனால், மெலிந்த உடலோடு தோழியை அசத்துவது போலவும், எதிரே இருக்கும் தின்பண்டத்தை எளிதாக ஒதுக்குவது போலவும் இனிய காட்சிகளை மனத்தில் ஓட்டியவர்கள், அவநம்பிக்கையான காட்சிகளைக் கண்டவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இளைத்தார்கள். கனவிலேயே வெற்றியை நுகர்ந்துவிட்டவருக்கு உழைக்கும் உந்துதல் தளர்கிறது என்பது அவர் விளக்கம். அதனால் விருப்பத்தை எண்ணியவுடன் அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் எண்ணிப் பார்க்கும் முறையைப் பின்னாளில் வகுத்தார்.

தமிழ் மேடைகளில் துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னவராகவே வள்ளுவர் அறிமுகமாகிறார். அந்தக் குறள் தொடங்கிவைக்கும் 63ஆம் அதிகாரமான இடுக்கண் அழியாமை, விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினை உடைமையை அடுத்து வைக்கப்பட்டிருப்பதும், மேடு பள்ளம் பாராமல் வண்டியை இழுக்கும் எருதை அதே அதிகாரம் உவமை காட்டுவதும் மேடையில் விடுபட்டுப்போகின்றன. சிரிப்பை முயற்சிக்குப் பக்கத்தில் வைத்த அந்த வரிசை, ஓட்டிங்கனின் முடிவோடு நன்றாகவே பொருந்துகிறது.

முகாமுக்குள் இரு வகை நம்பிக்கை

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனைக்களம் நாஜி வதை முகாம். வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல், 1944 கிறிஸ்துமசுக்கும் 1945 புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் தாம் கைதியாக இருந்த முகாமில் சாவுகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகின என்று பதிவுசெய்தார். உணவோ வேலையோ தட்பவெப்பமோ மோசமானது காரணமில்லை என்பது முகாமின் தலைமை மருத்துவர் கருத்து. கிறிஸ்துமசுக்குள் வீடு திரும்பிவிடுவோம் என்று பலர் நம்பியிருந்தார்கள். தேதி கடந்ததும் உடைந்துபோனார்கள்.

அதே ஃபிராங்க்ல், கட்டட வேலையில் தம்மோடு இருந்த அறுவை மருத்துவர் ஒருவரிடம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். விடுதலைக்குப் பின் நடக்கக்கூடிய வேடிக்கை ஒன்றை ஆளுக்கொன்றாகத் தினமும் கற்பனை செய்து சொல்ல வேண்டும். வேலைத்தளத்தில் மேலதிகாரி வரும்போது 'சுறுசுறுப்பு, சுறுசுறுப்பு' என்று மேஸ்திரி அதட்டுவது வழக்கம். நண்பர் ஒருநாள் பெரிய வயிற்று அறுவை செய்துகொண்டிருக்கும்போது, தலைமை மருத்துவர் வருவதை உதவியாளர் அதே கூச்சலோடு அறிவிப்பார் என்றார் ஃபிராங்க்ல். மற்றக் கைதிகளும் சேர்ந்துகொண்டார்கள். விருந்துக்குப் போன இடத்தில் தன்னை மறந்து, சூப்பை அடியிலிருந்து அள்ளி ஊற்றும்படி வீட்டம்மாவைக் கெஞ்சுவோம் என்றார் ஒருவர். முகாமில் அண்டாவின் அடியில்தான் பட்டாணி கிடைக்கும்.

முதல் வகை நம்பிக்கை முகாமைக் கண்ணிலிருந்து மறைத்தது. இரண்டாம் வகையின் சிரிப்பு முழுக்க முழுக்க முகாமின் பட்டாணியாலும் மேஸ்திரியின் கூச்சலாலும் ஆனது. அதைச் சொல்ல ஒருவரும் கேட்க இன்னொருவரும் தேவைப்பட்டார்கள்.

எல்லாச் சிரிப்பும் நலமா?

சிரிப்பைப் பொத்தாம்பொதுவாகப் புகழ்வோர்க்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நல்ல மறுப்பு. எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையை வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறப்பதாக அது வகுக்கிறது. எள்ளலை அதன் உரையாசிரியரான பேராசிரியர் மேலும் இரண்டாக்குகிறார்: பிறரை எள்ளி நகுவது, பிறர் எள்ளும்போது தான் நகுவது. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டின் குழு 2003இல் வெளியிட்ட வினாநிரலும் நகைச்சுவையை நான்காகப் பிரிக்கிறது. பிறரை இணைப்பதும் தன்னைத் தேற்றிக்கொள்வதும் நலத்தோடு சேர்ந்து வருகின்றன. பிறரைத் தாக்குவதும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் அப்படி வருவதில்லை. லோகண்ட்வாலாவில் முகம் சுளிக்க வைத்த துணுக்குகள் மூன்றாம் வகை.

சிரிப்பே நோயாக வந்த நிகழ்வும் உண்டு. 1962 ஜனவரி 30 அன்று டாங்கனிகாவின் கஷாஷா ஊரில், பெண்கள் பயிலும் மிஷன் விடுதிப்பள்ளியில் மூன்று மாணவிகள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். மார்ச் நடுவில் பள்ளியை மூடும்போது 159 பேரில் 95 பேரைத் தொற்றியிருந்தது. இடையிடையே அழுகையும் அச்சமும் கலந்த அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. கூட்டத்தால் பரவுவது உறவு மட்டுமல்ல, நெருக்கடியும்தான் என்பதற்கு இது சான்று.

ஃபிளாரன்ஸ் தரும் பாடம்

இவ்வளவும் சரியானால், நிறுவனங்கள் செய்ய வேண்டியது சுவரொட்டி ஒட்டுவதும் ஊழியரைப் புன்னகைக்கச் சொல்வதும் ஆகாது. கட்டாயப் புன்னகையின் களைப்பை விமானப் பணிப்பெண்களிடம் ஆராய்ந்து ஆர்லி ஹாக்சைல்ட் 1983இலேயே எழுதிவிட்டார். வேறொரு வழியை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்து 2005இல் வெளியான சோதனை காட்டுகிறது. அறுவைக்கு வந்த 40 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மயக்க மருந்து தரும் அறைக்குள் ஒரு பாதியோடு பெற்றோர் மட்டும் போனார்கள். மறுபாதியோடு பெற்றோரும் கோமாளி வேடமிட்டவர்களும் போனார்கள். கோமாளிகள் உடனிருந்த குழந்தைகளின் பதற்றம் தெளிவாகக் குறைவாக இருந்தது.

குழந்தைகளுக்கு நன்மைதான் என்று மருத்துவப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அறுவை அறை நடைமுறைக்கு இடைஞ்சல் என்று அவர்களில் பெரும்பான்மையோர் திட்டத்தைத் தொடர மறுத்தார்கள். அந்த மறுப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. சிரிப்புக்கு இன்னோர் ஆள் தேவை. அந்த ஆளுக்கு இடமும் நேரமும் சம்பளமும் தேவை. சிரிப்பு மன்றங்கள் பிறந்த இந்தியாவில் அடுத்த ஆய்வு இந்தச் செலவையே அளக்கலாம்: குழந்தைகள் அறுவைப் பிரிவில் எத்தனை நிமிடம் கூடுகிறது, எவ்வளவு மயக்க மருந்து மிச்சமாகிறது, செவிலியரின் வேலை எங்கே தடைப்படுகிறது என்று.