டிரங்க் கால் சீட்டிலிருந்து சிப் சர்வர் வரை

‘பி.பி. நம்பர்’ என்றால் என்னவென்று இந்த மலரைப் புரட்டும் மூத்த மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குத்தான் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் போன் இருக்கும். தெருவே அந்த நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுக்கும், பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டு. கால் வந்தால் அந்த வீட்டு மாமி "லைன்லயே இருங்க" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பையனை விரட்டி நம்மைக் கூட்டி வரச் சொல்வார். ரிசீவர் அப்படிக் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷம், அந்தக் கால் எங்கே இருந்தது?

கம்பியில் இருந்தது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு ஜோடி கம்பியோ, ஒரு சானலோ அவருக்கென்றே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்று அப்படி எதுவும் கிடையாது. அப்படியானால் இன்றைய கால் எங்கே இருக்கிறது? இணையத் தொலைபேசி சர்வர்களோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில், இந்தக் கேள்வியின் சரித்திரத்தை எழுதிப் பார்க்கிறேன்.

1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. நடத்தியது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. அன்று கால் இருந்த இடம் ஆபரேட்டரின் தலை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். முடிந்ததும் கயிற்றைப் பிடுங்கினால் முடிந்தது. வெளியூர் டிரங்க் கால் வந்தபோது தலை போதவில்லை, ஒரு சீட்டு தேவைப்பட்டது. கூப்பிடுகிறவர் நம்பர், வேண்டிய நம்பர், ஆர்டினரியா அர்ஜென்ட்டா லைட்னிங்கா, பதிவு செய்த நேரம், பேச ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். லைன் கிடைக்கவில்லை என்றால் சீட்டு மேஜையிலேயே இருக்கும், ஆபரேட்டர் மறுபடி முயல்வார். ரொம்ப நேரமானால் கேன்சல். இந்தச் சீட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் நூறு வருஷம் கழித்துப் புதுசாகக் கண்டுபிடித்தோம்.

நடுவில் வந்தது ஸ்ட்ரோஜர். கான்ஸாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891ல் வாங்கிய பேட்டன்ட். எதிர்க் கடைக்காரரின் மனைவி ஆபரேட்டராக இருந்து தனக்கு வரும் கால்களைத் திருப்பி விடுகிறார் என்ற கோபத்தில் செய்ததாகக் கதை சொல்வார்கள். ஆபரேட்டர் போனதும் சீட்டும் போயிற்று. செலக்டர் படி ஏறி நின்ற நிலையே ஞாபகம். 1960ல் லக்னோ–கான்பூர் நடுவே எஸ்.டி.டி. வந்தது. 1984ல் சி-டாட் தொடங்கி, கிராமத்துக்கு 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச் செய்து கொடுத்தது. மஞ்சள் போர்டு பூத்துகள் வந்தன. பூத்தில் மீட்டர் எப்போது ஓட ஆரம்பிக்கும் தெரியுமா? எதிர்முனையில் போனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் பிளஸ், மைனஸை மாற்றிப் போடும். அந்த ஒரு அடையாளத்தை வைத்துத்தான் பில். "அவன் எடுக்கவே இல்ல சார், பில் ஏன் வந்துது?" என்று பூத்துகளில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் மூலம் அதுதான்.

இனி இன்டர்நெட். 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது, முதல் நாலு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதே வருஷம் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசும் மென்பொருளை விற்றது. 1996ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கம் ஹெச்.323 என்ற தரத்தை வெளியிட்டது. டெலிபோன் ஆட்கள் டெலிபோன் ஆட்களுக்காக எழுதியது, கனம் அதிகம். எதிரணியில் மார்க் ஹேண்ட்லி, ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஈவ் ஸ்கூலர், ஜோனதன் ரோசன்பர்க் நால்வரும் 1999 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2543 என்ற ஆவணத்தைக் கொண்டுவந்தார்கள். எஸ்.ஐ.பி., வாயில் ‘சிப்’. வெப் பக்கம் கேட்பதுபோல வெறும் எழுத்தில் பேசும் முறை. ‘இன்வைட்’ என்று கூப்பிடு, ‘180’ என்றால் மணி அடிக்கிறது, ‘200 ஓகே’ என்றால் எடுத்தாயிற்று, ‘ஆக்’ என்று ஒப்புக்கொள், ‘பை’ சொல்லி வை. படித்தாலே புரியும். எனக்கு இன்றும் பிடித்த அம்சம் அதுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் செய்திகள் பெரும்பாலும் யு.டி.பி. மேல் போகும். வழியில் தொலைந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். இதை விளங்க வைக்கத் தாம்பரம் பஸ்ஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர் "ஒரு மேடவாக்கம்" என்று காசைக் கொடுக்கிறார். கை மாறி கை மாறிக் கண்டக்டரிடம் போகிறது. நடுவில் இருப்பவர்கள் எதையும் நினைவில் வைப்பதில்லை, வாங்குகிறார்கள், தள்ளுகிறார்கள். இது நினைவில்லாத ப்ராக்ஸி. டிக்கெட் வரவில்லை என்றால் பின்னாலிருப்பவர் மறுபடி கத்துவார். கண்டக்டர் மட்டும், ‘இவருக்கு இப்பத்தானே கொடுத்தோம்’ என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆளுக்கு இரண்டு டிக்கெட். ஒரு கோரிக்கை, அதற்கு வரும் இடைக்காலப் பதில்கள், கடைசிப் பதில், இத்தனையையும் ஒரே சீட்டில் கட்டி வைத்துக்கொள்வதுதான் ட்ரான்சாக்ஷன்.

கத்துவதற்கும் கணக்கு உண்டு. முதல் ‘இன்வைட்’ போய் அரை விநாடியில் பதில் இல்லையென்றால் மறுபடி. அப்புறம் 1 விநாடி, 2, 4, 8, 16 என்று இடைவெளி இரட்டிக்கும். மொத்தம் ஏழு தடவை அனுப்பி, 32 விநாடியில் கை விடும். இடையில் சர்வர் ‘100 ட்ரையிங்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தல் நிற்கும். அதனால்தான் சட்டென்று பதில் கிடைக்காது என்று தெரிந்தால் 200 மில்லி விநாடிக்குள் அதைச் சொல்லச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தால், ப்ராக்ஸி மூன்று நிமிஷத்துக்கு மேலாவது பொறுக்க வேண்டும். நம் மாமி கொடுத்த அவகாசமும் ஏறக்குறைய அதுதான்.

வந்த செய்தி புதிதா, பழையதன் மறுபதிப்பா? 1999 ஆவணத்தில் இதைக் கண்டுபிடிக்க அனுப்புநர், பெறுநர், கால் ஐடி, வரிசை எண் என்று ஏகப்பட்ட தலைப்புகளை ஒப்பிட வேண்டியிருந்தது. 2002 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 3261, 153 பக்கத்தை 269 பக்கமாக்கியது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சுருக்கியது. ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனுக்கும் தனி ‘ப்ராஞ்ச்’ அடையாளம். அது ‘இஸட்9ஹெச்ஜி4பிகே’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அர்த்தம் ஒன்றும் கிடையாது. பழைய சாதனங்கள் தற்செயலாக இதே எழுத்துகளில் ஆரம்பிக்காது என்ற நம்பிக்கைதான். சீட்டின் மேல் குத்திய ரப்பர் ஸ்டாம்ப் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே சமயம் பெர்லினில் ஃப்ரான்ஹோஃபர் ஃபோகஸ் ஆய்வகத்தார் ‘சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர்’ என்ற சர்வரைச் செய்து இலவசமாகத் திறந்து விட்டார்கள். பல ப்ராசஸ்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நினைவகம், அதில் ஹாஷ் அட்டவணையில் அடுக்கிய ட்ரான்சாக்ஷன்கள். எந்தச் செய்திக்குச் சீட்டுப் போடுவது, எதை அப்படியே தள்ளி விடுவது என்பதைச் சர்வரை நடத்துகிறவரே முடிவு செய்யலாம். அதிலிருந்து 2005ல் ஓப்பன்செர் பிரிந்தது. 2008ல் அது கமாலியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஓப்பன்சிப்ஸ் தனிக்குடித்தனம் போனது. நம் ஊர்க் கட்சிகளைப் போலத்தான், ஆனால் கோட் எல்லோரிடமும் இருந்ததால் நஷ்டம் யாருக்கும் இல்லை.

இந்தியாவில் என்ன ஆயிற்று? 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம். இங்கிருந்து அமெரிக்காவில் உள்ள சாதாரண போனுக்கும் பேசலாம். ஹெச்.323, சிப் சாதனங்களுக்குள்ளும் பேசலாம். ஆனால் இந்தியாவில் உள்ள சாதாரண போனுக்கு மட்டும் கூடாது! சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து நியூயார்க்கில் இருக்கும் தாத்தாவைக் கூப்பிடலாம், பெரும்பாக்கத்தில் இருக்கும் பாட்டியைக் கூப்பிட முடியாது. அன்றைய எஸ்.டி.டி. கட்டணங்களைக் காப்பாற்றுவதற்கான வேலி என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு டெலிகாம் மென்பொருள் எழுதிக் கொடுத்த நம் ஆட்கள், தாங்கள் எழுதியதைத் தங்கள் வீட்டுக்கு உபயோகிக்க முடியாமல் பதினாறு வருஷம் ஓடியது. அந்த வருஷங்களில் இங்கே முளைத்திருக்கக்கூடிய சின்னச் சின்ன கம்பெனிகளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. 2018ல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் வழியாகவும் சாதாரண நம்பர்களுக்குப் பேச வைக்கலாம் என்று தெளிவானது. அந்த ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ அறிமுகமாயிற்று.

இதற்கிடையில் அந்த 269 பக்கத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. ‘200 ஓகே’ போனதும் சர்வர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். ஒரு கால் பல போன்களில் ஒரே சமயம் அடிக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட ‘ஓகே’ வரலாம், ஆகவே அதன் பொறுப்பை இரு முனைகளும் நேரடியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் சீட்டைக் கிழித்த அடுத்த நொடி, வழியில் தாமதமான பழைய ‘இன்வைட்’ பிரதி வந்து சேர்ந்தால்? சர்வருக்கு அது புதுக் கால். பேசிக்கொண்டிருப்பவருக்கே இன்னொரு முறை மணி! ராபர்ட் ஸ்பார்க்ஸும் தியோ ஸூர்ஸெலிஸும் 2010 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 6026 எழுதி இதைச் சரி செய்தார்கள். சீட்டைக் கிழிக்காதே, ‘ஏற்றாயிற்று’ என்று எழுதி இன்னும் 32 விநாடி வைத்திரு. எட்டு வருஷத்துக்கு அப்புறம் வந்த திருத்தம் இவ்வளவுதான்.

32 என்ற எண் எங்கள் தொழிலில் ஒரு நோயின் பெயர் மாதிரி. "நல்லா பேசிட்டே இருக்கோம் சார், அரை நிமிஷத்துல கட் ஆகுது" என்று வாடிக்கையாளர் சொன்னால் முக்கால்வாசி காரணம் தெரிந்துவிடும். எடுத்தவர் அனுப்பிய ‘ஓகே’வுக்கு ‘ஆக்’ திரும்பி வரவில்லை. பெரும்பாலும் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் 192.168 என்ற உள்முகவரியை வெளியே கொடுத்திருப்பார்கள், ‘ஆக்’ அங்கே தேடிப் போய்த் தொலையும். குரல் தனி வழியில் போவதால் பேச்சு மட்டும் கேட்கும். 32 விநாடி ‘ஓகே, ஓகே’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு அந்த போன் ‘பை’ சொல்லிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம், முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் செல்போன் சேவை துண்டுபட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் மனிதர்கள் இரட்டிக்கும் இடைவெளியெல்லாம் பார்ப்பதில்லை, ரீடயலை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். திணறுகிற சர்வருக்கு ஒவ்வொரு மறுமுயற்சியும் புதுச் சீட்டு. அடுத்த வருஷம், 2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. 2ஜி, 3ஜி கிடையாது, எல்லாக் காலும் வோல்டிஇ. அதாவது எல்லாக் காலும் சிப். ரேடியோ வழி மெதுவானது என்பதால் செல்போனுக்கு மட்டும் அரை விநாடியை 2 விநாடியாகவும், 32ஐ 128 ஆகவும் நீட்டியிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. இதைப் பார்க்க லேபில் கிடக்கும் ஒரு பழைய பிசியும், அதில் கமாலியோவும், இரண்டு மொபைலில் இலவச சிப் ஆப்பும் போதும். ஒரு கால் போட்டுப் பேசுங்கள். அடுத்த காலில் ‘ஆக்’ செய்தியை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்.