குனோங் சீரோ பாறைச் சரிவு (1973)

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போவில், 1973 அக்டோபர் 18 அன்று குனோங் சீரோ மலையின் பாறைமுகம் பெயர்ந்து விழுந்த விபத்து. மலையடியில் இருந்த வரிசை வீடு நசுங்கியது. சுமார் 40 பேர் இறந்தனர், மாடுகளும் மாண்டன. நிலநடுக்கம், புயல் என வெளிக்காரணம் தேட வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல்லின் இயல்பே போதும்.

ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகளைக் கரியமிலவாயு கலந்த மழைநீர் மெல்லக் கரைக்கிறது. விரிசல்கள் அகலுகின்றன, அடிவாரம் உள்வாங்குகிறது. ஒருநாள் மேற்பாறைக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. வெளியே பசுமை போர்த்தி நிற்பதால் மலை திடமாகவே தோன்றும். ஏமாற்றுவது அந்தத் தோற்றம்தான்.

ஈப்போத் தமிழர்களுக்குக் குனோங் சீரோ வெறும் குன்றன்று, கல்லுமலை. இங்குள்ள சுப்பிரமணியர் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று புந்தோங் பகுதியிலிருந்து காவடிகள் வருகின்றன. பேராக்கில் பாறை மட்டுமே ஆபத்தன்று: 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வகுடிக் குடியிருப்பை மரக்கட்டைகளோடு வந்த சேற்றுவெள்ளம் அடித்துச் சென்றதில் 44 பேர் இறந்தனர்.