ஹிலாரியார் பருவத்தில் ஓர் ஏழை மாணவன்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டு இன்று மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இலையுதிர் காலத்துப் பருவம் அதிதூதர் மிக்கேலின் பெயரால் வழங்குகிறது. கோடையை ஒட்டி வரும் பருவம் மூவொரு இறைவனின் பெயர் தாங்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே, கடுங்குளிரில் வந்து விரைவில் முடிந்துவிடும் சிறு பருவத்திற்குப் புனித ஹிலாரியாரின் பெயர். நான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் புவாத்தியே நகரின் ஆயராக விளங்கி, ஆரியுசின் தப்பறையை எதிர்த்ததற்காக நாடு கடத்தப்பட்டவர் இவர். 1851-ஆம் ஆண்டு திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இவரை மறைவல்லுநர் என அறிவித்தார். இவருக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. கிறிஸ்து பிறப்பு விடுமுறை கழிந்து, இவர் திருநாளாகிய ஜனவரி 13-க்கு மறுநாள் வகுப்புகள் தொடங்கியமையால் பருவமும் இவர் பெயரைப் பெற்றது. கேம்பிரிட்ஜிலோ இதே பருவத்திற்குத் தவக்காலப் பருவம் என்றே பெயர்.

அக்காலத்தில் மாணவனுடைய நாள்காட்டி என்பது திருச்சபையின் நாள்காட்டியே. ஹிலாரியார் பருவம் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையோடு முடிந்தது. ஆகவே உயிர்ப்புப் பெருவிழா முன்னதாக வரும் ஆண்டில் பருவம் ஒன்பது வாரங்களைக்கூட எட்டாது. பிந்தி வந்தால் பதின்மூன்று வாரங்களுக்கு நீளும். இன்று அதன் அளவு எட்டு வாரங்களே. காலத்தால் குறுகியதாயினும், பிற பருவங்களைவிட மாணவனின் உடலையும் உள்ளத்தையும் அதிகம் சோதித்தது இதுவே. அப்பருவத்தை ஓர் ஏழை மாணவன் எங்ஙனம் கடந்தான், யாருடைய உதவியால் கடந்தான் என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. கல்வி என்பது யாருடைய உழைப்பின்மீது நிற்கிறது என்னும் கேள்விக்கு அவ்வரலாற்றில் விடை உண்டு.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பதினான்கு, பதினைந்து வயதிலேயே சிறுவர் ஆக்ஸ்போர்டுக்கு வந்து சேர்ந்தனர். தலையுச்சியை மழித்துக்கொண்ட மாணவன் குருநிலையினருள் ஒருவனாகவே எண்ணப்பட்டான். அவன் தவறு செய்தால் விசாரிக்கும் உரிமை நகர மன்றத்திற்கு இல்லை. திருச்சபைச் சட்டத்திற்கும் பல்கலைக்கழக வேந்தரின் நீதிமன்றத்திற்குமே உண்டு. கல்லூரிகள் அன்று மிகச் சில. அவற்றிலும் பட்டம் பெற்று மேற்கொண்டு பயில்வோரே பெரும்பாலும் தங்கினர். இளம் மாணவர்களோ நகர மக்களிடம் வாடகைக்கு எடுக்கப்பட்ட வீடுகளில், ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் கூடி வாழ்ந்தனர். ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டனர். மாணவன் உண்ட ரொட்டியும், பருகிய பார்லி மதுவும், படிக்க ஏற்றிய மெழுகுதிரியும் நகரத்துக் கடைக்காரரிடம் வாங்கியவையே. இவ்வுண்மையை நாம் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் நிகழ்ந்த பெருந்துயரின் வேர் இதில்தான் இருக்கிறது.

பொழுது புலருமுன்பே அவனுடைய நாள் தொடங்கிற்று. இருள் விலகாத வேளையில் எழுந்து, செபித்து, குளிர்ந்த விரிவுரைக் கூடத்தில் போய் அமர்வான். இலக்கணமும் அரிஸ்டாட்டிலின் தருக்கமும் அவன் முதலில் கற்க வேண்டிய பாடங்கள். நூல்கள் கையால் எழுதப்பட்டவையாதலின் விலை மிகுந்தவை; செவியால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வதே பெரும்பான்மையோரின் வழி. முற்பகலிலேயே முதல் உணவு. மாலையில் இரண்டாவது உணவு. 1264-இல் வால்ட்டர் தெ மெர்ட்டன் நிறுவிய மெர்ட்டன் கல்லூரியின் சட்டங்கள், உணவு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர் அமைதியாகக் கேட்க வேண்டும் என்றும், இலத்தீன் மொழியிலேயே உரையாட வேண்டும் என்றும் விதித்தன. துறவற மடத்தின் ஒழுங்கு அங்கே கல்விச்சாலையின் ஒழுங்காயிற்று.

நூற்றாண்டுகள் கடந்தும் இந்நிலை பெரிதும் மாறவில்லை என்பதற்குக் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. 1550-ஆம் ஆண்டு, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தாமஸ் லீவர் என்னும் போதகர் இலண்டனில் ஆற்றிய மறையுரை ஒன்றில், அங்குள்ள ஏழை மாணவர்களின் ஒரு நாளை விவரித்தார். விடியற்காலை நான்கிற்கும் ஐந்திற்கும் இடையே எழுகின்றனர்; ஆறு மணி வரை செபம்; பத்து மணி வரை படிப்பு. பத்து மணிக்கு உணவு: ஒரு பென்னிக்கு வாங்கிய மாட்டிறைச்சியை நால்வர் பகிர்ந்துகொள்ள வேண்டும்; உடன் உப்பும் ஓட்ஸ் மாவும் இட்ட கஞ்சி. பின்னர் மாலை ஐந்து வரை கற்பதும் கற்பிப்பதும். இரவு உணவுக்குப் பின் ஒன்பது, பத்து மணி வரை வாதப் பயிற்சி. கணப்பு நெருப்பு இல்லாமையால், படுக்கைக்குப் போகுமுன் அரைமணி நேரம் அங்குமிங்கும் நடந்தும் ஓடியும் பாதங்களைச் சூடேற்றிக்கொள்கின்றனர். ஏழை மாணவருக்கென வைக்கப்பட்ட அறநிதிகளைச் செல்வர் தமதாக்கிக்கொண்டதைக் கண்டிக்கவே அவர் இதையெல்லாம் எடுத்துரைத்தார்.

மீண்டும் ஆக்ஸ்போர்டுக்கு வருவோம். இத்தகைய குளிரைத் தாங்க மாணவனுக்கு இருந்த முதல் துணை அவன் தோழனே. பின்னாளில் சிச்செஸ்டர் மறைமாவட்டத்தின் ஆயராகி, 1253-இல் மறைந்து, 1262-இல் புனிதராக உயர்த்தப்பட்ட ரிச்சர்டு என்பாரின் வரலாறு ஒரு செய்தியைக் கூறுகிறது. மாணவப் பருவத்தில் அவர் தோழர் இருவரோடு ஓர் அறையில் வாழ்ந்தார். விரிவுரைக்கு அணிந்து செல்வதற்குரிய மேலாடை மூவருக்கும் சேர்த்து ஒன்றே இருந்தது. ஒருவர் அதை அணிந்து பாடம் கேட்கப் போவார். மற்ற இருவரும் அறையிலேயே இருப்பர். அவர் திரும்பிய பின் அடுத்தவர் போவார். ரொட்டியும் சிறிது திராட்சை மதுவும் கஞ்சியுமே அவர்களின் உணவு. இறைச்சியோ மீனோ ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாளிலும் மட்டுமே கிட்டும். ஆயினும் தம் வாழ்நாளில் அதைவிட இன்பமான காலம் இருந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் சொல்லி வந்தாராம்.

இரண்டாவது துணை அறநிதிப் பேழை. 1209-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் பெண்ணொருத்தி மாணவன் ஒருவனால் கொல்லப்பட, நகரத்தார் சினந்து வேறு மாணவர் சிலரைத் தூக்கிலிட்டனர். ஆசிரியரும் மாணவரும் கலைந்து வெளியேறினர். அவர்களுள் சிலர் சென்று தங்கிய ஊரே கேம்பிரிட்ஜ். 1214-இல் திருத்தந்தையின் தூதர் வந்து வழக்கைத் தீர்த்தார். மாணவர் வீடுகளின் வாடகையைப் பத்தாண்டுக் காலம் பாதியாகக் குறைக்க வேண்டும். ஏழை மாணவருக்காக ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்த வேண்டும். புனித நிக்கோலாசு திருநாளில் ஏழை மாணவர் நூற்றுவருக்கு உணவளிக்க வேண்டும் என நகரத்தாருக்கு விதித்தார். அந்த 52 ஷில்லிங் வருவாயை முதலாகக் கொண்டு, 1240-இல் லிங்கன் ஆயர் இராபர்ட் குரோசெட்டஸ்ட் ஒரு கடன் பேழையை ஏற்படுத்தினார். நூலையோ வேறு பொருளையோ அடகாக வைத்து, மாணவன் வட்டியின்றிக் கடன் பெறலாம். வீட்டிலிருந்து பணம் வந்து சேராத குளிர்கால வாரங்களில் எத்தனை பேரை அப்பேழை காத்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

மூன்றாவது துணை பொது நெருப்பு. 1379-இல் வின்செஸ்டர் ஆயர் வில்லியம் நிறுவிய நியூ காலேஜின் சட்டங்களில் ஓர் இனிய விதி உண்டு. குளிர்காலத்தில் இறைவனுக்கோ அன்னை மரியாவுக்கோ புனிதர் ஒருவருக்கோ வணக்கமாக உணவுக்கூடத்தில் நெருப்பு மூட்டப்படும் நாள்களில், உண்டபின் மாணவர் அங்கேயே தங்கிப் பாடலாம். கவிதைகளையும் நாடுகளின் வரலாறுகளையும் உலகின் வியப்புகளையும் பற்றிப் பேசி மகிழலாம். மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும் பிப்ரவரி 2-ஆம் திருநாள் இப்பருவத்திலேயே வருகிறது. விழா என்னும் சொல் அம்மாணவனுக்கு வெப்பம் என்றே பொருள்பட்டிருக்கும்.

திருநீற்றுப் புதன் வந்ததும் இறைச்சியோடு முட்டையும் பாலும் உணவிலிருந்து நீங்கின. உப்பிட்ட மீனும் கருவாடும் அவ்விடத்தைப் பிடித்தன. புதிதாக இளங்கலை நிலை எய்தியோர் பலர் முன்னிலையில் தருக்க வினாக்களை வாதித்து முடிவுரைக்க வேண்டிய காலமும் அத்தவக்காலமே. பசித்த வயிறும் கூர்மையான வாதமும் ஒருங்கே நிகழ்ந்தன.

இத்துணை ஒழுங்கும் பகிர்வும் நிலவிய இடத்தில்தான், அப்பருவத்தின் மிகக் கொடிய மூன்று நாள்களும் நிகழ்ந்தன. 1355-ஆம் ஆண்டு பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. திருநீற்றுப் புதனுக்கு இன்னும் எட்டு நாள்கள் இருந்தன. நகரின் நடுவே ஒரு மதுக்கடையில் பல்கலைக்கழகத்தார் இருவர், தமக்குத் தந்த மது தரமற்றது எனக் குறைகூறினர். அவர்கள் ரிச்சர்டைப் போன்ற ஏழைகள் அல்லர். திருச்சபை மானியத்தில் வாழ்ந்தவர்கள். சொல் முற்றியது, மதுக்குவளை கடைக்காரரின் தலையை நோக்கிப் பறந்தது. நகரத்தார் புனித மார்ட்டின் ஆலய மணியை அடித்து ஆள் திரட்ட, பல்கலைக்கழகத்தார் புனித மரியா ஆலய மணியை ஒலித்தனர். மறுநாள் சுற்றுப்புற ஊரார் பெருந்திரளாய் நகருக்குள் புகுந்தனர். மாணவர் இல்லங்களின் கதவுகள் உடைக்கப்பட்டன. மாணவர் தரப்பில் 63 பேரும் நகரத்தார் தரப்பில் ஏறத்தாழ 30 பேரும் மாண்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு குவளை மதுவுக்காக இத்தனை உயிர்கள் போகா. வாடகை, ரொட்டியின் எடை, மதுவின் விலை ஆகியவற்றில் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்ந்திருந்த கசப்பு அது. மாணவன் கடைக்காரரைக் கொள்ளைக்காரராகக் கண்டான். கடைக்காரரோ, தம் ஊரில் தம் சட்டத்துக்கு அடங்காத அயலாராக மாணவரைக் கண்டார். இருவர் குறைகளிலும் உண்மை இருந்தது.

அரசர் மூன்றாம் எட்வர்டு பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். ரொட்டி, மது ஆகியவற்றின் விலையையும் தரத்தையும், எடைகளையும் அளவைகளையும் மேற்பார்க்கும் அதிகாரம் வேந்தருக்கு வழங்கப்பட்டது. ஏழை மாணவனுக்கு இது மெய்யான நன்மையே. அவன் தட்டில் விழுந்த ரொட்டி இனி எடை குறையாது. லிங்கன் ஆயர் நகரின்மீது திருவழிபாட்டுத் தடை விதித்தார். பின்னர் அத்தடை நீங்கியபோது, நகர மேயரும் அவருடைய அலுவலர் இருவரும் நகரத்தார் 60 பேரும் ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று புனித மரியா ஆலயத்தில் இறந்தோருக்கான திருப்பலியில் பங்கேற்று, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை செலுத்த வேண்டும் என முடிவாயிற்று. சமயச் சீர்திருத்தத்தின் பின் திருப்பலி நின்றது. ஆனால் பென்னிகள் நிற்கவில்லை. 1825-இல் மேயர் ஒருவர் மறுத்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. நானூற்று எழுபது ஆண்டுகளுக்குமுன் பிறர் செய்த கொலைக்கு, பேரர்களின் பேரர்கள் தலைகுனிந்து நின்றனர்.

செபத்தோடு செய்யும் பரிகாரம் உள்ளத்தைத் திருப்புவதற்கானது. ஒரு தரப்பு மட்டும் செய்ய, மறுதரப்பு அமர்ந்து பார்க்கும்போது அது பரிகாரமாக இராமல் அவமானமாகிவிடுகிறது. முதல் குவளையை எறிந்தவர் பல்கலைக்கழகத்தார் என்பதை அந்த 63 பென்னிகள் ஒருநாளும் நினைவூட்டவில்லை. 1955-ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று, சரியாக அறுநூறு ஆண்டுகள் கழிந்தபின், பல்கலைக்கழகம் நகர மேயருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. நகரம் துணைவேந்தரைத் தன் மதிப்புறு குடிமகனாக ஏற்றது. இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுத்த அந்நாளில்தான் வழக்கு உண்மையாக முடிந்தது.

அந்தப் பிப்ரவரி 10 புனித ஸ்கொலாஸ்திக்கா அம்மாளின் திருநாள் என்பது நெஞ்சைத் தொடும் ஒன்று. ஆண்டுக்கொருமுறை மட்டுமே தம் சகோதரர் புனித பெனடிக்டைக் கண்டு உரையாடிய அவர், இறுதிச் சந்திப்பில் அவரைப் பிரிய மனமின்றி இறைவனை வேண்ட, மழை கொட்டிற்று. இருவரும் விடியும்வரை இறைவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர் எனப் புனித பெரிய கிரகோரியார் எழுதிவைத்துள்ளார். பேச்சு இரு உள்ளங்களை இணைத்ததற்கு நினைவான அதே நாளில், ஆக்ஸ்போர்டில் பேச்சு முறிந்து மணியோசை எழுந்தது.

மூவருக்கு ஒரு மேலாடை என்ற ரிச்சர்டின் நிலை அவர் அறைக்கு மட்டும் உரியதன்று. எந்தக் காலத்திலும் ஒருவன் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறான் என்றால், அவனுக்காக வேறு யாரோ குளிரில் இருக்கிறார் என்பதே பொருள். ஆக்ஸ்போர்டில் வாடகையைக் குறைத்த வீட்டுக்காரரும், பேழையை நிரப்பிய நகரத்தாரும், இருளில் எழுந்து ரொட்டி சுட்டவரும் அவ்வாறு இருந்தவர்களே. ரிச்சர்டின் தோழர் இருவரையும் அவர் வரலாறு நினைவில் வைத்தது; இவர்களையோ எந்த விரிவுரைக் கூடமும் எண்ணிப் பார்க்கவில்லை. மேலாடையை அணிந்து செல்பவன் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதே அவ்வறையின் எழுதப்படாத சட்டம். கற்றவர் அனைவருக்கும் அச்சட்டம் பொருந்தும்.